திறப்பதற்கென்றே பூட்டப்பட்ட சொற்கள்: மாற்று மெய்ம்மை விளையாட்டுகளின் மறைகுறி வரலாறு

2001ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஏ.ஐ. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' திரைப்படத்தின் முன்னோட்டம் வெளியானது. அதன் பெயர்ப் பட்டியலில் வழக்கமான கலைஞர்களுக்கு நடுவே, உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர் என்ற பொறுப்புடன் ஜீனைன் சல்லா என்றொரு பெயர் இடம்பெற்றிருந்தது. அப்படியொரு தொழில் உலகில் எங்கும் இல்லை. ஐயுற்ற சிலர் அந்தப் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தனர். 2142ஆம் ஆண்டில் இயங்குவதாகக் காட்டிக்கொண்ட பெங்களூர் வேர்ல்டு யுனிவர்சிட்டி எனும் கற்பனைப் பல்கலைக்கழகத்தின் வலைத்தளம் அவர்கள்முன் விரிந்தது. சல்லா அங்கே பணிபுரிபவர். எதிர்காலத்தின் அறிவுத் தலைநகரம் எதுவாக இருக்கும் என்று 2001இன் அமெரிக்கக் கற்பனை எண்ணியது என்பதற்கு அந்தத் தளம் ஒரு சிறு சான்று.

நுழைவாயில் அது ஒன்று மட்டுமன்று. முன்னோட்டத்தில் திரையிட்ட எழுத்துகளில் சிறு வெட்டுகள் இருந்தன. அவற்றை எண்ணி வரிசைப்படுத்தினால் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. படத்தின் சுவரொட்டி ஒன்றில் சில எழுத்துகள் பொன்னிறத்திலும் வெள்ளி நிறத்திலும் குறியிடப்பட்டிருந்தன; அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஈவான் சான் கொலையுண்டார் என்றும், ஜீனைனே திறவுகோல் என்றும் இரண்டு வாக்கியங்கள் வெளிப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஜோர்டன் வைஸ்மன், ஈலான் லீ, எழுத்தாளர் ஷான் ஸ்டீவர்ட் முதலியோர் அடங்கிய குழு உருவாக்கிய இந்த விளையாட்டுக்கு முறையான தலைப்பே கிடையாது. உருவாக்க வேண்டிய கோப்புகளின் முதற்பட்டியல் 666 உருப்படிகளைத் தொட்டதால், விவிலியத்தின் விலங்கை நினைந்து 'த பீஸ்ட்' என்று அதற்கு உள்வட்டப் பெயர் இட்டனர். பின்னாளில் மாற்று மெய்ம்மை விளையாட்டு என்று அழைக்கப்பட்ட வகைமையின் முதற்பெரும் எடுத்துக்காட்டு அதுவே.

இவ்வகை விளையாட்டில் கதை ஓரிடத்தில் தொகுத்து வைக்கப்பட்டிருப்பதில்லை. வலைத்தளங்கள், மின்னஞ்சல்கள், தொலைபேசிப் பதிவுகள், தெருவில் ஒட்டிய தாள்கள் எனச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை விளையாடுவோரே கண்டெடுத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே பூட்டுகள் உண்டு. அந்தப் பூட்டுகள் மொழியால் ஆனவை என்பதால், ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால வரலாற்றில் அவை அடைந்த மாற்றம் மொழியியல் மாணவர்களின் கவனத்துக்குரியது. பொருளைக் கண்டறிதல் எங்கே முடிகிறது, பொருளைக் கற்பித்தல் எங்கே தொடங்குகிறது என்ற பழைய வினாவை அந்த மாற்றம் புதிய வடிவில் முன்வைக்கிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். மறையெழுத்து வேறு, கடவுச்சொல் வேறு. மறையெழுத்து ஒரு விதிக்கு உட்பட்டது. விதியைக் கண்டுபிடிப்பவர் எவராயினும், எந்த நாட்டினராயினும், யாரையும் கேட்காமலே அதைப் படித்துவிடலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, எழுத்துகள் ஒரு மொழியில் எத்தனை முறை பயின்றுவருகின்றன என்று எண்ணியே மறையெழுத்தை உடைக்கலாம் என விளக்கினார். மொழியின் உள்ளார்ந்த ஒழுங்கே மறையெழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பது இதன் அடிப்படை. கடவுச்சொல்லில் அத்தகைய ஒழுங்கு ஏதும் இல்லை. அது ஒரு குழுவினரின் உடன்பாடு. அதன் பொருளும் முக்கியமன்று. அதைச் சொல்ல வல்லவர் யார் என்பதே முக்கியம். 'கடவு' என்பதற்கு வழி என்று பொருள். வழிவிடும் சொல் கடவுச்சொல்.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல் இதற்கு மிகப் பழைய சான்றைத் தருகிறது. யோர்தானின் துறைகளைக் காத்துநின்ற கீலேயாத்தியர், கடக்க வந்தவர்களிடம் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமரின் நாவில் அந்த ஷகரம் வரவில்லை; 'சிபோலேத்' என்றே வந்தது. அவ்வாறு சொன்னவர்கள் கொல்லப்பட்டனர். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். கேட்கப்பட்ட சொல்லின் பொருள் அனைவரும் அறிந்ததே; ஒலிப்பு ஒன்றே கடவாக இருந்தது. தமிழ் இலக்கண மரபில் நன்னூல் கூறும் குழூஉக்குறி இதன் மென்மையான வடிவம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதற்கு நன்னூல் உரைகள் தரும் விளக்கம், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் என்பதே. கேட்பவர் உள்ளவரா புறத்தவரா என்பதை அது சத்தமின்றிப் பிரித்துவிடுகிறது.

'த பீஸ்ட்' விளையாட்டின் பூட்டுகளில் பெரும்பாலானவை மறையெழுத்து வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பணி காவல் காப்பதன்று. கதையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. தொடர்கதை எழுதுவோர் அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்கவைப்பதுபோல, இங்கே புதிர் வாசகரைக் காக்கவைக்க வேண்டும். உருவாக்கியவர்கள் ஒரு நாளில் விடுவிக்கத்தக்கவை, ஒரு வாரம் பிடிப்பவை, ஒருபோதும் விடுவிக்க முடியாதவை எனப் புதிர்களைத் தரம்பிரித்து வைத்திருந்தனர். அனைத்தும் முதல் நாளிலேயே விடுவிக்கப்பட்டுவிட்டன என்று அவர்களே பின்னர் கூறியுள்ளனர்.

இதற்குக் காரணம் மேதைமை அன்று, எண்ணிக்கை. 2001 ஏப்ரல் 11 அன்று யாஹூ குழுக்கள் சேவையில் 'கிளவுட்மேக்கர்ஸ்' என்றொரு குழு தொடங்கப்பட்டது. கதையில் கொலையுண்ட ஈவான் சானின் படகின் பெயர் அது. உறுப்பினர் எண்ணிக்கை 7,000ஐத் தாண்டியது. ஒருவர் நிரல் எழுதுபவர், மற்றொருவர் இசை பயின்றவர், இன்னொருவர் செருமானியம் அறிந்தவர் என்றிருக்கும் கூட்டத்தின்முன், தனிமனிதரை மனத்தில் வைத்து அமைத்த பூட்டு நிற்கவில்லை. ஒரு புதிர் லூட் என்னும் பழைய நரம்பிசைக் கருவிக்குரிய இசைக்குறிப்பு முறையில் அமைந்திருந்தது. கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருந்தார். பன்னிரண்டு வாரம் ஓட வேண்டிய கதைக்கு, உருவாக்கியவர்கள் இரவு பகலாகப் புதிய பூட்டுகளைச் செய்துகொண்டே இருக்க நேர்ந்தது.

இக்கூட்டம் தனக்கென ஒரு குழூஉக்குறியையும் வளர்த்துக்கொண்டது. விளையாட்டின் நுழைவாயில் 'முயல் வளை'. லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையிலிருந்து வந்த சொல். திரைக்குப் பின்னிருந்து இயக்குபவர்கள் 'பொம்மலாட்டக்காரர்கள்'. இவ்வகை விளையாட்டுகளைச் சூழ்ந்து வளர்ந்த குழுக்களில், முன்பே தெரிந்த செய்தியைப் புதிதென்று கொண்டுவந்து போடுபவருக்கு 'டிரவுட்' என்ற மீன் பெயரே மறுமொழி. புதியவர் அச்சொல்லின் பொருள் தெரியாமல் திகைப்பார், பழையவர் நகைப்பார். புதிரின் மறையெழுத்து அனைவருக்கும் திறந்திருக்க, குழுவின் பேச்சு மெல்ல மெல்லக் கடவுச்சொல்லின் இயல்பைப் பெற்றது.

இங்கே மற்றொரு நிகழ்வையும் பதிய வேண்டும். விளையாட்டு முடிந்து சில வாரங்களே கடந்திருந்த நிலையில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. கிளவுட்மேக்கர்ஸ் உறுப்பினர் சிலர், நம்மால் இதையும் விடுவிக்க முடியும் என்று எழுதத் தொடங்கினர். ஆயிரக்கணக்கானோரின் கூட்டறிவு ஒரு கற்பனைக் கொலையைத் துலக்கியிருக்கையில், மெய்யான குற்றத்தைத் துலக்க இயலாதா என்பது அவர்களின் வாதம். குழுவை நடத்தியவர்கள் சில நாட்களில் அதைத் தடுத்துவிட்டனர். தாங்கள் விடுவித்தது ஒருவர் எழுதி வைத்த கதை என்பதையும், உலகத்தை அவ்வாறு எவரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். 2003இல் ஜேன் மெக்கோனிகல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்நிகழ்வை விரிவாக ஆராய்கிறது. விளையாட்டில் பயின்ற வாசிப்புப் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு அது முதல் அறிகுறி.

கூட்டறிவின்முன் மறையெழுத்து தோற்றபின், அடுத்த தலைமுறை வேறுவகைப் பூட்டை நாடியது. 2004இல் 'ஹேலோ 2' நிகழ்பட விளையாட்டின் விளம்பரமாக 42 என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 'ஐ லவ் பீஸ்' என்ற விளையாட்டை நடத்தியது. தேனீ வளர்ப்போர் ஒருவரின் எளிய வலைத்தளம் விசித்திரமாகப் பழுதடைந்திருந்தது. எதிர்காலத்திலிருந்து வந்து சேர்ந்த செயற்கை நுண்ணறிவு ஒன்று அத்தளத்தினுள் சிதைந்து கிடப்பதாகக் கதை. அதன் பெயர் மெலிசா. கிரேக்கத்தில் அச்சொல்லுக்குத் தேனீ என்று பொருள். கதையின் ஒரு திறவுகோல் சொற்பிறப்பியலிலேயே ஒளிந்திருந்தது.

தளத்தில் 210 இடங்களின் ஜிபிஎஸ் ஆயங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் தரப்பட்டிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று எங்கும் சொல்லப்படவில்லை. விண்மீன்களின் நிலையைக் குறிப்பனவா, வரைபடத்தில் கோடிழுத்தால் உருவம் வருமா எனப் பல கருதுகோள்கள் எழுந்தன. இறுதியில் சிலர் நேரில் சென்று பார்த்தனர். அங்கெல்லாம் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. 2004 ஆகஸ்ட் 24 அன்று குறித்த நேரத்தில் அவை ஒலிக்கத் தொடங்கின. எடுத்தவர்களுக்கு வானொலி நாடகம் போன்ற கதையின் துண்டுகள் கிடைத்தன. இங்கே பூட்டைத் திறப்பது அறிவன்று, இருப்பு. குறித்த இடத்தில் குறித்த கணத்தில் ஒரு மனித உடல் நிற்க வேண்டும். யோர்தான் துறையில் ஒலிப்பு எதைச் செய்ததோ, அதை இங்கே கால்கள் செய்தன. ஆனால் நோக்கம் நேரெதிரானது. அது விலக்குவதற்கு, இது சேர்ப்பதற்கு. எந்த ஊரில் இருப்பவரும் தம் ஊர்த் தொலைபேசியை எடுத்துக் கேட்டதைப் பிறரோடு பகிர்ந்தால்தான் கதை முழுமையடையும்.

2007இல் நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் 'இயர் ஜீரோ' தொகுப்பையொட்டி அதே நிறுவனம் நடத்திய விளையாட்டு, பூட்டைப் பொருள்களுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஐரோப்பியக் கச்சேரிகளுக்கான சட்டையில் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயர்களில் சில எழுத்துகள் மட்டும் தடித்திருந்தன. அவற்றைக் கோத்தால், நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன் என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர். அதுவே ஒரு வலைத்தள முகவரி. லிஸ்பன் நகரக் கச்சேரியில் கழிப்பறையில் விடப்பட்டிருந்த ஒரு யுஎஸ்பி நினைவகத்தில் வெளிவராத பாடல் ஒன்று இருந்தது. அதன் இறுதியில் வரும் இரைச்சலை ஸ்பெக்ட்ரோகிராம் கருவியில் இட்டால், வானிலிருந்து நீளும் ஒரு கையின் உருவம் தெரிந்தது. ஒலிப்பியல் மாணவர்கள் உயிரொலிகளின் அதிர்வலைகளை அளக்கப் பயன்படுத்தும் அதே கருவி அது. இசைத்தட்டு வெப்பத்தால் நிறம் மாறும். ஓடி முடிந்து வெளியே எடுத்தால் கருமை நீங்கி, இரும எண்களில் எழுதிய செய்தி புலப்படும். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணாலும், கண்ணால் காண வேண்டியதைக் கையின் வெம்மையாலும் படிக்கச் செய்தமை இவ்விளையாட்டின் தனித்தன்மை.

2012 சனவரியில் தோன்றிய 'சிக்காடா 3301' இந்த வரலாற்றைத் திசைதிருப்பியது. இதை விளையாட்டு என்று அழைக்கலாமா என்பதே விவாதத்துக்குரியது. எந்த நிறுவனமும் இதற்கு உரிமை கோரவில்லை, எதையும் விற்கவுமில்லை. மிக அறிவார்ந்த மனிதர்களைத் தேடுகிறோம் என்ற அறிவிப்புடன் ஒரு படம் '4சான்' தளத்தில் இடப்பட்டது. அப்படக் கோப்பை உரைத்திருத்தியில் திறந்தவர்கள் அதன் இறுதியில் திபேரியுஸ் கிளாடியுஸ் சீசர் கூறுகிறார் என்ற முன்னுரையையும், பொருளற்ற ஓர் எழுத்துத் தொடரையும் கண்டனர். கிளாடியுஸ் உரோமையின் நான்காம் பேரரசர். சீசர் பெயரால் வழங்கும் மறையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் குறித்த எண்ணிக்கையளவு நகர்த்தப்படும். ஆகவே நான்கு இடம் பின்னே நகர்த்த வேண்டும்.

அத்தொடரின் தொடக்கம் எல், எக்ஸ், எக்ஸ், டி. நான்கு இடம் நகர்த்தினால் எச், டி, டி, பி. இணைய முகவரிகளின் வழக்கமான தொடக்கம். பேரரசரின் பெயரை அறியாதவரும், நான்கெழுத்தின் நடுவே இரட்டித்து நிற்கும் எழுத்தைக் கண்டே இதை ஊகிக்கலாம். அந்த முகவரி ஒரு மர வாத்தின் படத்துக்கு இட்டுச்சென்றது. தவறான வழிக்கு வந்துவிட்டீர், செய்தியை வெளியே எடுக்கும் விதத்தை உம்மால் ஊகிக்க முடியவில்லை போலும் என்ற பொருளில் ஏளனமாக ஒரு வாக்கியம் அதில் இருந்தது. ஏளனமே துப்பு. அவ்வாக்கியத்தில் இருந்த 'கெஸ்', 'அவுட்' எனும் இரு ஆங்கிலச் சொற்களை இடம்மாற்றினால் 'அவுட்கெஸ்'. படங்களுக்குள் செய்தியை ஒளிக்கும் ஒரு மென்பொருளின் பெயர். பின்னர் வார்சா, பாரிஸ், சியோல், சிட்னி, மயாமி முதலிய நகரங்களின் தெருக்கம்பங்களில் சிக்காடா உருவமும் கியூஆர் குறியும் அச்சிட்ட தாள்கள் கண்டெடுக்கப்பட்டன.

வெளித்தோற்றத்தில் இது முந்தைய விளையாட்டுகளின் தொடர்ச்சி. ஆனால் இரண்டு வேறுபாடுகள் அடிப்படையானவை. முதலாவது, கூட்டாக விடுவித்தவர்களை இது வரவேற்கவில்லை. இறுதித் தளத்தை முதலில் அடைந்த சிலரோடு வாயில் அடைக்கப்பட்டது. பிறரைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் தமக்கு வேண்டா என்று அறிவிக்கப்பட்டது. கிளவுட்மேக்கர்ஸ் குழுவின் வெற்றி எதுவோ அதுவே இங்கே குற்றம். மறையெழுத்து மீண்டும் ஷிபோலேத் ஆயிற்று.

இரண்டாவது வேறுபாடு நுட்பமானது. சிக்காடாவின் செய்திகள் பிஜிபி முறையில் மின்கையொப்பம் இடப்பட்டிருந்தன. 1991இல் ஃபில் ஸிம்மர்மன் உருவாக்கிய இம்முறையில், அந்தரங்கத் திறவியை வைத்திருப்பவர் மட்டுமே கையொப்பம் இடலாம். பொதுத் திறவியைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். கடவுச்சொல்லின் திசை இங்கே தலைகீழாகிறது. வழக்கமாக வாயிலுக்கு வருபவரே தம்மை மெய்ப்பிக்க வேண்டும். இங்கோ பேசுபவர் தம்மைக் கேட்பவர்களுக்கு மெய்ப்பித்துக்கொள்கிறார். போலிகள் பெருகியபோது கையொப்பம் இல்லாத எதையும் நம்ப வேண்டா என்பதே சிக்காடா திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை. தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு குரல், தன் ஒருமையை மட்டும் கணித உறுதியோடு காத்துக்கொண்டது.

2014இல் வெளியான 'லீபர் ப்ரீமுஸ்', அதாவது முதல் நூல், இன்றுவரை பெரும்பகுதி படிக்கப்படாமல் இருக்கிறது. ஆங்கிலோ-சாக்சன் ரூன் எழுத்துகளில் அது எழுதப்பட்டுள்ளது. 29 ரூன்கள், ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 109 வரையிலான பகா எண்களில் ஒன்று மதிப்பாகத் தரப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாக எழுதப்படும் 'தி-எச்' இதில் ஒற்றை ரூன். 'என்-ஜி' ஒலிக்கும் தனி உருவம் உண்டு. மாறாக 'சி', 'கே' இரண்டுக்கும் ஓருருவமே. ஒரே ககரத்தை இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும் தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஆயினும் ஆங்கில எழுத்துகளின் பயில்வு விகிதத்தை அளவுகோலாகக் கொண்டவர்கள், ரூன் கணக்கில் அனைத்தையும் மீண்டும் எண்ண வேண்டியிருந்தது. சில பக்கங்கள் திறந்தன. திறந்தவை தெளிவான ஆங்கிலமாகப் படிந்தன. மற்றப் பக்கங்களுக்கு ஆண்டுதோறும் எத்தனையோ பேர் தீர்வு கண்டதாக அறிவிக்கின்றனர். படிக்கத்தக்க தொடர் வராததால் அவை ஏற்கப்படுவதில்லை. விடை தெரியாத நிலையிலும் தவறான விடையை அடையாளம் காண இயலும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இதனோடு ஒப்பிடத்தக்கது இலண்டனின் மைண்ட் கேண்டி நிறுவனம் 2005இல் தொடங்கிய 'பெர்ப்ளெக்ஸ் சிட்டி'. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஏட்ரியன் ஹான், முன்பு கிளவுட்மேக்கர்ஸ் குழுவை நெறிப்படுத்தியவர்களுள் ஒருவர். விற்பனைக்கு வந்த புதிர் அட்டைகளில் ஒன்றில் ஒரு சப்பானியரின் ஒளிப்படமும், என்னைக் கண்டுபிடி என்ற பொருள்தரும் சப்பானிய வாக்கியமும் மட்டுமே இருந்தன. அவரது முதற்பெயர் தவிர வேறு துப்பில்லை. மறையெழுத்தே இல்லாத புதிர் அது; மனிதருக்கு மனிதர் கைமாறும் தொடர்பு அவரைக் கொண்டுவந்து சேர்க்குமா என்ற சோதனை. விளையாட்டு 2007இல் முடிந்தது. பரிசுப் பொருளான கனசதுரம் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர்க் காடொன்றில் தோண்டியெடுக்கப்பட்டது. அந்த மனிதர் மட்டும் 2020 இறுதியில்தான் கண்டறியப்பட்டார். கண்டறிந்தது மனிதத் தொடர்புச் சங்கிலி அன்று. முகத்தைப் பொருத்திப் பார்க்கும் படத் தேடல். தொடங்கியபோது அத்தகைய கருவி பொதுமக்கள் கையில் இல்லை. பூட்டு அப்படியே இருந்தது, உலகம் மாறிவிட்டது.

2017 அக்டோபர் 28 அன்று '4சான்' தளத்தில் 'கியூ' எனத் தன்னை அழைத்துக்கொண்ட ஒருவரின் பதிவுகள் தொடங்கின. அமெரிக்க அரசின் உயர்மட்ட இரகசியங்களை அறிந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்ட அவர், வினாக்களாகவும் சுருக்கெழுத்துகளாகவும் எழுதினார். அவை 'துணுக்குகள்' எனப்பட்டன. துணுக்குகளைச் சேர்த்து ரொட்டி சுடும் விளக்கவுரையாளர்கள் 'ரொட்டி சுடுவோர்' எனப்பட்டனர். கிளவுட்மேக்கர்ஸ் காலத்துக் குழூஉக்குறியின் வடிவம் அப்படியே இருந்தது. கியூ ஆங்கில நெடுங்கணக்கில் பதினேழாம் எழுத்து என்பதால், எங்கே 17 வந்தாலும் அது சைகையாகப் படிக்கப்பட்டது. கியூவின் அடையாளத்துக்கு 'டிரிப்கோடு' எனும் எளிய முறை பயன்பட்டது. கடவுச்சொல் ஒன்றிலிருந்து கணிக்கப்படும் ஒரு சிறு தொடர் பதிவோடு தோன்றும். சிக்காடாவின் கையொப்பத்தோடு ஒப்பிட இது மிகவும் நொய்மையானது. உடைபட்டு மாற்றப்படவும் நேர்ந்தது.

2020இல் ஏட்ரியன் ஹானும், ரீட் பெர்கோவிட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள், இவ்வியக்கத்துக்கும் மாற்று மெய்ம்மை விளையாட்டுகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தன. பெர்கோவிட்ஸ் தாம் நடத்திய விளையாட்டு ஒன்றில் நிகழ்ந்ததை விவரிக்கிறார். நிலவறையில் துப்புத் தேடியவர்கள், தரையில் தற்செயலாகக் கிடந்த மரத்துண்டுகள் அம்புக்குறிபோல் ஒரு சுவரைக் காட்டுவதாக எண்ணினர். உண்மையான துப்பு வேறிடத்தில் இருக்க, அவர்கள் அந்தச் சுவரை இடித்துப் பார்க்கவும் முனைந்தனர். தொடர்பற்றவற்றுள் தொடர்பு காணும் இப்போக்குக்கு 1958இல் செருமானிய உளமருத்துவர் கிளவ்ஸ் கான்ராட் இட்ட பெயரின் ஆங்கில வடிவம் 'அப்போஃபீனியா'. விளையாட்டை நடத்துபவர் அந்த நேரத்தில் தலையிட்டு, சுவரை விட்டு வாருங்கள் என்று சொல்லக் கடமைப்பட்டவர். கியூவின் உலகில் ஒவ்வொரு மரத்துண்டும் அம்பு. தலையிட எவரும் இல்லை.

மறையெழுத்து என்ற அளவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். விளையாட்டின் கடவுச்சொல் தவறாயின் பக்கம் திறக்காது. அந்த மறுப்பே விளையாடுபவரின் கற்பனைக்குக் கரை. கியூவின் குறிப்புகளுக்குத் திறக்க வேண்டிய பக்கமே இல்லை. 2017 அக்டோபர் 30 அன்று ஹிலாரி கிளிண்டன் கைது செய்யப்படுவார் என்று அவர் எழுதினார், கைது நடக்கவில்லை. விளையாட்டாயின் அது தவறான விடை என அன்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இங்கோ அதுவும் ஆழ்ந்த மறைகுறியாக மறுவாசிப்புப் பெற்றது. 2021 சனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்தவர்களில் இந்த வாசிப்பை நம்பியவர்களும் இருந்தனர். 2001 செப்டம்பரில் ஒரு குழுவின் பொறுப்பாளர்கள் சில நாட்களில் தடுத்து நிறுத்திய அதே உந்துதல், தடுப்போர் இல்லாத இடத்தில் அங்கு வரை சென்றது.

இந்த வேறுபாடு இணைய விளையாட்டுகளோடு முடிவதன்று. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், லீனியர் பி எழுத்து கிரேக்கத்தின் தொன்மையான வடிவத்தைப் பதிவுசெய்கிறது என்று அறிவித்தபோது அறிஞர் பலர் ஐயுற்றனர். மறு ஆண்டு, அகழாய்வாளர் கார்ல் பிளெகன் பைலாஸில் கிடைத்த களிமண் பலகையொன்றில் வென்ட்ரிஸின் ஒலிமதிப்புகளை இட்டுப் பார்த்தார். முக்காலிப் பாத்திரத்தின் படம் வரையப்பட்ட இடத்தில் 'தி-ரி-போ-தெ' என்று படிந்தது. நான்கு கைப்பிடியுள்ள கலத்தின் அருகே நான்கைக் குறிக்கும் சொல்லும், மூன்று கைப்பிடியுள்ள கலத்தின் அருகே மூன்றைக் குறிக்கும் சொல்லும், கைப்பிடியற்றதன் அருகே இன்மைப் பொருள்தரும் முன்னொட்டும் வந்தன. வென்ட்ரிஸ் தம் மதிப்புகளை வகுத்தபோது அந்தப் பலகையைப் பார்த்திருக்கவில்லை. கடவுச்சொல் இடப்பட்டது, கதவு திறந்தது.

சிந்துவெளி எழுத்துக்கு அத்தகைய கதவு இன்னும் வாய்க்கவில்லை. பொறிப்புகள் சராசரியாக ஐந்து குறிகளே கொண்டவை. இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத எத்தனையோ வாசிப்புகள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கடும் உழைப்பின் பயன்களும் உண்டு. விரும்பிய விடையிலிருந்து பின்னோக்கி நடந்தவையும் உண்டு. ஒரு வாசிப்பு எவ்வளவு கவர்ச்சியானது என்று கேட்பதைவிட, எந்தச் சான்று கிடைத்தால் அது தவறென்று ஒப்புக்கொள்ளப்படும் என்று கேட்பது பயனுடையது. அவ்வினாவுக்கு விடை தராத வாசிப்பு, அதை முன்வைப்பவரின் தகுதி எதுவாயினும், சுவரைக் காட்டும் மரத்துண்டுகளின் நிலையிலேயே இருக்கிறது.

மாற்று மெய்ம்மை விளையாட்டுகளின் ஆவணங்கள் இன்று வேகமாக மறைந்துவருகின்றன. விளம்பரக் காலம் முடிந்ததும் பல வலைத்தளங்கள் நீக்கப்பட்டன. பொதுத் தொலைபேசிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. யாஹூ குழுக்கள் சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி விளையாடியவர்களே எழுதி வைத்த வழிகாட்டிகளும் சேமித்த பிரதிகளும்தாம். அவற்றில் விடைகள் மட்டும் இல்லை. கைவிடப்பட்ட கருதுகோள்கள், ஏன் கைவிடப்பட்டன என்ற விவாதங்கள், தவற்றைச் சுட்டியவருக்குக் கிடைத்த நன்றி, பழைய செய்தியைக் கொண்டுவந்தவருக்குக் கிடைத்த 'டிரவுட்' எல்லாம் நாள் குறித்துப் பதிவாகியுள்ளன. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஒரு குறியின் பொருளைத் தேடி, தவறி, திருத்திக்கொண்ட விதத்துக்கு இவ்வளவு நெருக்கமான பதிவு அரிது. மொழியியல் துறைகள் அவற்றைத் தரவாகக் கொள்ளத் தொடங்குமுன் இன்னும் எத்தனை அழியும் என்பதே இப்போதுள்ள கவலை.